பல்லி தன் பேச்சை இறக்கி வைத்த நாள்

அந்தக் காலத்தில் பல்லிக்கு வாய் ஓயாது. இன்றைக்குச் சுவரில் ஒட்டிக்கொண்டு, வாயில் கொழுக்கட்டையை அடக்கிக்கொண்டதுபோல் உம்மென்று இருக்கிறதே, அதே பல்லிதான். நம்ப முடியவில்லை அல்லவா? எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

அப்போது எல்லா உயிர்களும் பேசின. யானை பேசியது, எறும்பு பேசியது. ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பேச்சை ஒருதடவை கீழே இறக்கி வைத்துவிட்டால் மறுபடி எடுக்க முடியாது. மனமறிந்து "இனி நான் பேச மாட்டேன்" என்று சொல்லிவிட்டால் அத்தோடு போச்சு. முயல் அப்படித்தான் கெட்டது. பெண்டாட்டியோடு ஏதோ வாய்த்தகராறு. "உங்கூட இனி ஒரு வார்த்தை பேசறேனா பாரு" என்று கத்திவிட்டு வளைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விடிவதற்குள் கோபம் ஆறிவிட்டது. சமாதானம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இன்றைக்கும் மூக்கை மூக்கை ஆட்டிக்கொண்டிருக்கிறது பாருங்கள், அந்தச் சமாதானத்தைத்தான் சொல்லப் பார்க்கிறது, பாவம்.

இதைப் பார்த்து மற்ற உயிர்களெல்லாம் பயந்தே போயின. எத்தனை கோபம் வந்தாலும் "அப்புறம் பேசிக்கிறேன்" என்றுதான் சொல்லும், "பேச மாட்டேன்" என்று சொல்லாது.

பல்லி குடியிருந்தது மலைக்கும் கடலுக்கும் நடுவில், வழியோரத்தில் கிடந்த ஒரு பெரிய பாறையில். மலையிலிருந்து தேனும் மிளகும் அந்த வழியாக இறங்கும். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் அந்த வழியாக ஏறும். இரண்டு பக்கத்து ஆட்களும் அந்தப் பாறை நிழலில் கூடிச் சரக்கை மாற்றிக்கொள்வார்கள். ஆனால் மலைக்காரர் பேச்சு வேறு, கரைக்காரர் பேச்சு வேறு. இவர் பேசுவது அவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. இரண்டையும் கேட்டுக் கேட்டே கற்றுக்கொண்டது பல்லி ஒன்றுதான். அதனால் இரண்டு பக்கத்துக்கும் அதுதான் பேச்சை மாற்றிக் கொடுக்கும்.

அதில் பல்லிக்கு இருந்த பெருமை இருக்கிறதே, சொல்லி மாளாது.

"சொல்லுக்குச் சொல் அப்படியே கொண்டுபோய்ச் சேர்ப்பேன். ஒரு சொல் கூடவும் கூடாது, ஒரு சொல் குறையவும் குறையாது" என்று வழியில் போகிற ஓணானைக்கூட நிறுத்தி வைத்துச் சொல்லும்.

பாறைக்குப் பக்கத்து மரத்தில் இருந்த அணில், "ஆரம்பிச்சுட்டான்யா" என்று வாலை உதறிக்கொண்டு மேல் கிளைக்குப் போய்விடும்.

அந்தப் பாறையில்தான் சடையனும் செம்பவளமும் பார்த்துக்கொண்டார்கள். சடையன் மலைக்காரன், தேன் எடுக்கிறவன். செம்பவளம் கரைக்காரப் பெண், அப்பாவின் உப்பளத்து உப்பைத் தலையில் சுமந்து வருகிறவள். முதலில் பல்லியைக் கூப்பிட்டுத்தான் பேசினார்கள். உப்பு என்ன விலைக்கு, தேன் என்ன விலைக்கு, அவ்வளவுதான். கொஞ்ச நாள் போனதும் பல்லியைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். அவள் ஒரு கை உப்பை இலையில் வைப்பாள். அவன் ஒரு துண்டு தேனடையை வைப்பான். இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பல்லிக்குப் பொறுக்கவில்லை. "என்னைக் கூப்பிடாம என்னத்தைப் பேசறாங்க? அவனுக்கு இவ பேச்சு தெரியாது, இவளுக்கு அவன் பேச்சு தெரியாது. சத்தமே வரல. அப்புறம் எப்படி?" என்று அணிலிடம் போய்க் கேட்டது.

"உனக்கு ஏன்யா இந்த வேலை?" என்றது அணில்.

ஆனால் அந்தக் கேள்வி பல்லியின் மண்டையை விட்டுப் போகவே இல்லை.

விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது. பெரியவர்கள் பெரிதாக ஒன்றும் குதிக்கவில்லை. மலைக்கும் உப்பு வேண்டும், கரைக்கும் தேன் வேண்டும், சம்பந்தம் செய்துகொண்டால் நல்லதுதானே என்று நினைத்தார்கள். பேச்சுக்கு அடையாளமாகக் கரையிலிருந்து ஒரு குடம் உப்பு மலைக்குப் போனது. மலையிலிருந்து ஒரு குடம் தேன் கரைக்கு வந்தது. குடங்கள் அந்தந்த வீட்டில் இருக்கிறவரை வாக்கு இருக்கிறது. திருப்பிக் கொடுத்தால் வாக்கு முறிந்தது. அதுதான் ஏற்பாடு.

பெண்ணின் அப்பா கரையாளன், அவர் அக்கா பெரியநாச்சி, பெண் செம்பவளம், மூன்று பேரும் ஒருநாள் மலையேறினார்கள். பேச்சை மாற்றிக் கொடுக்கப் பல்லியும் கூடப் போனது, பெரியநாச்சியின் கூடை விளிம்பில் உட்கார்ந்துகொண்டு. செங்குத்தான ஏற்றம். போய்ச் சேரும்போது மூன்று பேருக்கும் கண் இருட்டிக்கொண்டு வந்தது. காலையில் குடித்த கஞ்சி எப்போதோ கரைந்துவிட்டது.

சடையனின் அம்மா வேம்பி தேக்கிலையைப் போட்டுத் தினைச்சோறும் சுட்ட கிழங்கும் எடுத்து வைத்தாள். வாசனை ஆளைத் தூக்கியது.

"சாப்பிடுங்க" என்றாள்.

"ஐயய்யோ, அதெல்லாம் வேண்டாம். இப்பத்தான் வழியில சாப்பிட்டு வந்தோம், வயிறு நிறைய இருக்கு" என்றார் கரையாளன். பெரியநாச்சியும், "ஆமா ஆமா, வேண்டாம்" என்றாள்.

கரையில் அதுதான் மரியாதை. இலையைப் போட்டதும் உட்கார்ந்து அள்ளிச் சாப்பிட்டால், சோற்றுக்காகவே வந்த மாதிரி ஆகிவிடும். அதனால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும். மறுபடியும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். கடைசியில், "உங்க மனசு நோகக்கூடாதேன்னுதான்" என்று சொல்லி உட்கார வேண்டும். அதுவரை பசியைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பல்லி சொல்லுக்குச் சொல் மாற்றிக் கொடுத்தது. "இப்போதுதான் வழியில் சாப்பிட்டார்களாம். வயிறு நிறைய இருக்கிறதாம். வேண்டாமாம்."

வேம்பி விரல் நுனியால் தரையில் லேசாகத் தட்டினாள். இலைகளை எடுத்து உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

மலையில் அதுதான் மரியாதை. ஒருவர் ஒன்றைச் சொன்னால் கேட்டவர் தரையில் தட்டுவார். நீ சொன்னது காதில் விழுந்தது, உண்மை என்று எடுத்துக்கொண்டேன் என்று அர்த்தம். அதற்கு மேல் கேள்வி கிடையாது. சொன்னதையே மறுபடி கேட்டால், நீ பொய்யன் என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

மூன்று பேரும் இலை போன திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். பெரியநாச்சியின் வயிறு கூப்பிட்ட சத்தம் கூடையில் இருந்த பல்லிக்குக்கூடக் கேட்டது. ஆனால் அது சொல் இல்லையே. அதனால் பல்லி அதை மாற்றிக் கொடுக்கவில்லை.

பிறகு பெண்ணைப் பற்றிய பேச்சு வந்தது. கரையாளன் பசியை அடக்கிக்கொண்டு, முறையாகவே தொடங்கினார். "எங்க பொண்ணுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஒரு உலை வைக்கத் தெரியாது, நாலு பேர்கிட்ட பேசத் தெரியாது. நீங்கதான் பொறுத்துக்கணும்."

சொந்தப் பிள்ளையைத் தன் வாயால் புகழ்ந்தால் கண்பட்டுவிடும் என்று கரையில் எல்லோருக்கும் தெரியும். எத்தனைக்கெத்தனை செல்லமோ அத்தனைக்கத்தனை குறை சொல்வார்கள். கேட்கிறவர், "என்ன இப்படிச் சொல்றீங்க, தங்கமான பொண்ணு" என்று மறுக்க வேண்டும். அப்பா அதற்குத்தான் காத்திருந்தார்.

பல்லி அப்படியே மாற்றியது. வேம்பி ஆடிப்போனாள்.

"உலை வைக்கத் தெரியாதா? இத்தனை வயசாயுமா? பாவம், உடம்புக்கு ஏதாவது கோளாறா?" உண்மையாகவே கவலைப்பட்டுத்தான் கேட்டாள். பல்லி அதையும் ஒரு சொல் குறையாமல் கரையாளன் காதில் போட்டது.

அப்புறம் என்ன? மனுஷன் முகம் கறுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். மூன்று பேரும் வெறும் வயிற்றோடு மலையிறங்கினார்கள். வழிநெடுக பெரியநாச்சி புலம்பிக்கொண்டே வந்தாள். "வெறும் தண்ணிகூடக் குடுக்கலையே! இலையைப் போட்டுக் காட்டிட்டு எடுத்துட்டுப் போறா. என்ன ஜனங்கப்பா இது!"

சடையன் அம்மாவைக் கெஞ்சினான். மகன் முகத்துக்காக வேம்பி கரைக்கு இறங்கி வந்தாள். கரையாளன் வீட்டில் மனஸ்தாபத்தைக் காட்டிக்கொள்ளவில்லை. மீன் குழம்பும் நண்டு வறுவலும் செய்து, இலை நிறையப் போட்டார்கள். வேம்பி உடனே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டாள். பிறகு, "போதும்" என்றாள்.

பெரியநாச்சி, "என்ன போதும்? கோழி கொத்துற மாதிரி கொத்திட்டு!" என்று இன்னொரு கரண்டி சோற்றைத் தள்ளினாள்.

"போதும்னு சொன்னேன்."

பல்லி மாற்றிக் கொடுத்தது. பெரியநாச்சி சிரித்துக்கொண்டே இன்னும் ஒரு கரண்டி. எங்கள் வீட்டுக்கு வந்தவளை அரை வயிற்றோடு அனுப்புவதா என்று அவளுக்கு. வேம்பியின் கண் கலங்கிவிட்டது.

"திரும்பத் திரும்ப என்னைப் பொய்க்காரிங்கறா. நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்று பாதிச் சோற்றில் எழுந்தாள்.

இலையில் சோறு இருக்கும்போது எழுவதா! கரையில் அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது. கரையாளன் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "பௌர்ணமி அன்னிக்குப் பாறைக்கு வரச் சொல்லு. குடத்தைக் குடுத்துட்டுக் குடத்தை வாங்கிக்கறோம்."

மறுநாள் செம்பவளம் பாறைக்கு வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. பல்லி அவளைப் பார்த்ததும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிட்டது. "இங்க பாரு, என் பேர்ல தப்பே இல்ல. சொல்லுக்குச் சொல்..."

"ஆமா, தப்பில்ல" என்றாள் செம்பவளம். "நீ சொன்னதுல ஒரு சொல்லுகூடத் தப்பில்ல. ஆனா எங்கப்பா சொன்னது எதுவுமே அங்க போய்ச் சேரல."

"எது சேரல? வேண்டாம்னார், வேண்டாம்னு சொன்னேன்."

"வேண்டாம்னு சொன்னார்தான். வேணும்னுதானே சொன்னார்!"

பல்லி விழித்தது. "நான் சொல்லைத் தூக்கிட்டுப் போனேன். சொல்லைத் தவிர வேற என்ன இருக்கு தூக்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் உங்கிட்ட வந்து நிக்கறேன்?" என்று சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். "சடையன் இல்லாம என்னால முடியாது பல்லி. ஏதாவது செய்யேன்."

பல்லிக்குச் சுருக்கென்றது. அதற்குப் பெருமை உண்டே தவிர, கெட்ட மனசு கிடையாது. அதோடு அந்தப் பழைய கேள்வி வேறு மறுபடி அரிக்க ஆரம்பித்துவிட்டது. சத்தமே இல்லாமல் இவர்கள் இரண்டு பேரும் என்னதான் பேசிக்கொண்டார்கள்? அதைத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று கிளம்பியது.

அதுவரை எந்தப் பல்லியும் வீட்டுக்குள் நுழைந்ததில்லை. முதன்முதலாக இந்தப் பல்லிதான் கரையாளன் வீட்டுச் சுவரில் ஏறி, கூரை நிழலில் ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டு வாயை மூடிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. அடடா, எத்தனை விசித்திரம்! பக்கத்து வீட்டுக்காரி குழந்தையை, "சனியனே, எங்கயாவது ஒழிஞ்சு போ" என்று திட்டுகிறாள். திட்டிக்கொண்டே அதன் தலைக்கு எண்ணெய் தேய்க்கிறாள். கையில் அத்தனை பதவிசு. விருந்துக்கு வந்த மச்சான், "வேண்டாம் வேண்டாம்" என்கிறார், உடம்பு என்னவோ இலைப் பக்கம் சாய்ந்துகொண்டே வருகிறது. கரையாளன், "போனாப் போகுது சனியன், நமக்கு வேற மாப்பிள்ளையா இல்ல" என்கிறார். சொல்லிவிட்டுத் தேன்குடத்தைத் துடைத்துத் துடைத்து, எறும்பு ஏறாமல் தண்ணீர்த் தட்டில் வைக்கிறார்.

"அட, வாய் ஒரு பக்கம் போகுது, ஆள் ஒரு பக்கம் போறானே!" என்று பல்லி அசந்து போனது.

மலைக்காரர்களாவது சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர்கள், அங்கே இப்படி இருக்காது என்று நினைத்துக்கொண்டு வேம்பி வீட்டுக்குப் போய் மூங்கில் தட்டியில் ஒட்டிக்கொண்டது. சடையன் வந்து திரும்பிப் படுத்தான்.

"சாப்பிட வா" என்றாள் வேம்பி.

"பசிக்கல."

அவள் தரையில் தட்டினாள். மறுபடி கேட்கவில்லை. கேட்டால் மகனைப் பொய்யன் என்றதாகிவிடும். ஆனால் சட்டியை மூடாமல், அவன் கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். அடுப்பில் ஒரு விறகைக் கூடுதலாகச் செருகினாள். பிறகு முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்து, கூடை பின்னுகிறவள்போல் ஒரே நாரைக் கோர்த்துக் கோர்த்துப் பிரித்தாள். பல்லிக்கு என்னவோ செய்தது. மலையிலும் அப்படித்தான் இருக்கிறது. அங்கேயும் பெரிய விஷயங்களை வாயில் வைத்துக்கொள்வதில்லை.

உடனே எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லக் கிளம்பியது. பல்லிக்கு வேறு என்ன தெரியும்? கரையாளனிடம் போய், "அவங்க ஊர்ல ஒரு தடவைக்கு மேல கேக்கறது தப்பாம்" என்றது.

"ஓஹோ, ரெண்டு நாள் அங்க தங்கிட்டு வந்து அவங்களுக்குப் பரிஞ்சு பேசறியா?" என்றார் கரையாளன்.

வேம்பியிடம் போய், "அவங்க வேண்டாம்னா வேணும்னு அர்த்தம்" என்றது.

"அப்போ அவங்க சொல்ற எதை நம்பறது? நீ சொல்றதை எதை நம்பறது?" என்றாள் வேம்பி.

பல்லி விளக்க விளக்கச் சிக்கல் கூடியதே தவிரக் குறையவில்லை. விளக்கமும் சொல்தானே.

பௌர்ணமியன்று வெயில் ஏறும் நேரத்தில் இரண்டு பக்கத்து ஆட்களும் பாறையடியில் வந்து நின்றார்கள். கரையாளன் தேன்குடத்தோடு வந்திருந்தார், வேம்பி உப்புக்குடத்தோடு வந்திருந்தாள். செம்பவளம் அத்தைக்குப் பின்னால் நின்றாள். முந்தின நாளிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சடையன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பல்லி பாறையின் உச்சியில் உட்கார்ந்திருந்தது.

"சொல்லு பல்லி. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்னு சொல்லு" என்றார் கரையாளன்.

"இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள் வேம்பி.

சுலபமான வேலை. இரண்டு பக்கமும் ஒரே சொல். மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். பல்லி வாயைத் திறந்தது. அப்போதுதான் கவனித்தது. வேண்டாம் என்று சொன்ன கரையாளன் தேன்குடத்தைக் கீழே வைக்கவில்லை. மார்போடு சேர்த்து இறுக்கிப் பிடித்திருந்தார். வேம்பியும் உப்புக்குடத்தை அப்படித்தான் பிடித்திருந்தாள். ஆனால் அவள் அவரைப் பார்க்கவில்லை, அவர் அவளைப் பார்க்கவில்லை. இரண்டு பேரும் பல்லியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என்றைக்குமே அப்படித்தான் இருந்திருக்கிறது என்பது பல்லிக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அது பேசுகிறவரை எல்லோரும் அதன் வாயைத்தான் பார்ப்பார்கள். சடையனும் செம்பவளமும் மட்டும்தான் பல்லியை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பல்லிக்கு என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது. ஆனால் அய்யோ, பேச்சு என்றால் அதற்கு உயிராயிற்றே!

கிளையிலிருந்த அணிலுக்கு அதன் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. "டேய், வேண்டாம்டா. முயலை மறந்துட்டியா?" என்று கத்தியது.

பல்லி கரைப்பேச்சில் ஒருமுறை, மலைப்பேச்சில் ஒருமுறை, இரண்டு பக்கமும் கேட்கும்படி சொன்னது: "இத்தனை நாள் உங்க சொல்லைத் தூக்கினேன். அதுல நீங்க இல்ல. இனிமே தூக்க மாட்டேன். யாராவது ஒண்ணு சொல்லும்போது, வாயும் மனசும் ஒண்ணா இருந்தா ஒரு சத்தம் குடுப்பேன். இல்லேன்னா சும்மா இருப்பேன். என்னைப் பாக்காதீங்க, எதிர்ல நிக்கறவங்களைப் பாருங்க. இனி நான் பேச மாட்டேன்."

சொல்லி முடித்தது. அவ்வளவுதான். தலையில் இருந்த சுமையை இறக்கியதும் கழுத்து லேசாகுமே, அப்படி ஒரு லேசு. அடுத்த நொடியே, இறக்கியதை எடுக்கக் கை நீட்டினால் அங்கே ஒன்றும் இல்லை. அணில் கண்ணை மூடிக்கொண்டது.

"என்ன விளையாட்டு இது? வேண்டாம்னு சொல்லு!" என்று கரையாளன் அதட்டினார். பல்லி சும்மா இருந்தது.

"எங்களுக்கு வேண்டாம்னு சொல்லு!" என்றாள் வேம்பி. பல்லி சும்மா இருந்தது.

அதன் வாயிலிருந்து ஏதாவது வருமா என்று காத்துக் காத்துப் பார்த்தார்கள். வரவில்லை. வேறு பார்க்க ஒன்றும் இல்லாமல், அப்போதுதான் ஒருவர் பக்கம் ஒருவர் திரும்பினார்கள்.

வேம்பியின் கண்ணில் முதலில் பட்டது செம்பவளத்தின் உதடு. காய்ந்து வெடித்திருந்தது. பெண் நிற்க முடியாமல் அத்தையின் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வேம்பி குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மடியிலிருந்து ஒரு தினையுருண்டையை எடுத்து நீட்டினாள்.

"வேண்டாம்" என்றாள் செம்பவளம், வளர்ந்த பழக்கம்.

கரைப்பேச்சில் அந்த ஒரு சொல்லை மட்டும் கேட்டுக் கேட்டு வேம்பிக்கும் இப்போது அதன் நேர் அர்த்தம் தெரிந்திருந்தது. அவள் விரல் தன்னால் பாறையைத் தட்டப் போனது. பல்லி சும்மா இருந்தது.

வேம்பியின் விரல் பாதியில் நின்றது. பல்லியைப் பார்த்தாள். பெண்ணின் முகத்தைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து யாரையும் அவள் ஒன்றை இரண்டாவது தடவை கேட்டதில்லை. அவள் அம்மா கேட்டதில்லை. அந்த மலையிலேயே யாரும் கேட்டதில்லை. அந்த உருண்டையை மறுபடி நீட்டினாள்.

முறைப்படி செம்பவளம் இன்னொருதடவை வேண்டாம் என்றிருக்க வேண்டும். பக்கத்தில் அத்தை நிற்கிறாள், அப்பா நிற்கிறார். ஆனால் அவள் வேம்பி இரண்டாம் தடவையாக நீட்டிய கையைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே, கரையில் எந்தப் பெண்ணும் அடுத்த வீட்டார் முன்னால் சொல்லக் கூசுகிற ஒன்றைச் சொன்னாள்.

"பசிக்குது" என்றாள்.

ச்சு ச்சு ச்சு.

பல்லிதான். அது இருந்த இடத்திலிருந்து அசையவில்லை. வேம்பிக்கு அந்தச் சொல் தெரியாது. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது. நின்றுபோயிருந்த விரலால் பாறையில் தட்டினாள். பெண் உருண்டையை வாங்கி, அங்கேயே நின்றபடி, எல்லோர் முன்னாலும் கடித்துச் சாப்பிட்டாள்.

பெரியநாச்சிதான் முதலில் உடைந்தாள். "அய்யோ, எம் பொண்ணு பட்டினி கிடந்ததை நான்கூடக் கவனிக்கலையே" என்று வாயில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கரையாளன் குடத்தின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு யாரிடம் என்று இல்லாமல் சொன்னார்: "எம் பொண்ணுக்கு எல்லாம் தெரியும். அவ உலை வச்சாத்தான் எனக்குச் சோறு இறங்கும். அவ போயிட்டா என் வீட்ல என்ன இருக்கு? ஆனாலும் அவளுக்கு அவந்தான் வேணும்."

கண்பட்டுவிடுமே என்ற பயம்கூட அவருக்கு அப்போது இல்லை.

ச்சு ச்சு ச்சு.

இந்தத் தடவை பாறையில் தட்டியது பெரியநாச்சி. மலைக்காரி தட்டியதைப் பார்த்தாளே, அதே மாதிரி. வேம்பி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

குடங்கள் கைமாறவில்லை. தேன்குடம் கரைக்கே திரும்பிப் போனது. உப்புக்குடம் மலைக்கே ஏறியது. அடுத்த அறுப்புக்குள் கல்யாணம் முடிந்தது. யாரும் யாருடைய வழக்கத்தையும் விட்டுவிடவில்லை. பெரியநாச்சி சாகிறவரை விருந்தாளியை விரட்டி விரட்டித்தான் சோறு போட்டாள். ஆனால் வேம்பி வந்தால் மட்டும் ஒரு தடவை கேட்டுவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொள்வாளாம். வேம்பி அதைப் பார்த்துவிட்டு, வயிறு முட்டினாலும் இலையை நீட்டி, "இன்னும் கொஞ்சம்" என்பாளாம்.

அன்றைக்குப் பாறையில் எல்லோரும் கலைந்த பிறகு பல்லிக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. அணிலிடம் போய், "பார்த்தியா, எப்படி முடிச்சு வச்சேன்!" என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தது. ச்சு ச்சு என்றுதான் வந்தது. அணில் கிண்டல் பண்ணவில்லை. இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. பல்லி அழுததா என்று எனக்குத் தெரியாது. நான் அழுதிருப்பேன்.

சடையனும் செம்பவளமும் குடிசை போட்டதும், பல்லியைக் கையோடு கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் விட்டார்கள். அதைக் கேள்விப்பட்டு அக்கம்பக்கத்தாரும் ஆளுக்கொரு பல்லியைக் கேட்டார்கள். பல்லியின் பிள்ளைகுட்டிகள் மலை வீட்டுக்கும் போயின, கரை வீட்டுக்கும் போயின. எல்லாச் சுவரிலும் ஏறி, அசையாமல் ஒட்டிக்கொண்டு, இந்த மனிதர்கள் சொல்வது என்ன, இருப்பது என்ன என்று பார்க்க ஆரம்பித்தன. அந்த வேடிக்கை இன்னும் அவற்றுக்குச் சலிக்கவில்லை.

கிழக்கே சொன்னால் லாபம், மேற்கே சொன்னால் பயணம் என்று பிற்பாடு யாரோ பலன் கட்டிவிட்டார்கள். பல்லிக்குத் திசையும் தெரியாது, நாளைக்கு நடப்பதும் தெரியாது. நாம் பேசிக்கொண்டிருக்கும்போது அது ச்சு ச்சு என்றதும், பேச்சைப் பாதியில் நிறுத்தி, "பார்த்தியா, பல்லியே சொல்லுது" என்று விரலால் தரையைத் தட்டுகிறோமே, அது அந்தப் பாறையில் வேம்பி தட்டிய தட்டு. அன்றைக்குத் தொடங்கியது, கை விடவில்லை.

சந்தேகம் இருந்தால் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது வருவார்கள். இலையைப் போடும்போது, "வேண்டாம், இப்பத்தான் சாப்பிட்டேன்" என்பார்கள். அப்போது சுவரைப் பாருங்கள். பல்லி சும்மாதான் இருக்கும்.

இன்னொருதடவை கேளுங்கள்.